மொடக்குறிச்சிக்கு விருப்ப மனு கொடுத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொடக்குறிச்சித் தொகுதியைக் கேட்டு விருப்ப மனு கொடுத்திருப்பவர்களுக்கும், அவர்களை உட்காரவைத்து நேர்காணல் நடத்தப்போகும் எல்லாக் கட்சித் தலைமைகளுக்கும்,

வணக்கமுங்க.

2026 சட்டமன்றத் தேர்தலுக்கு, ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் தொகுதியைக் கேட்டிருக்கிறீர்கள். சில கட்சிகளில் விருப்ப மனுவுக்குக் கட்டும் பணமே தேர்தல் ஆணையத்துக்குக் கட்டவேண்டிய டெபாசிட்டைத் தாண்டிவிடும். அவ்வளவு கொடுத்துக் கேட்கிற தொகுதியைப் பற்றி நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். எந்தச் சமூகம் எத்தனை சதவீதம், கையில் எவ்வளவு இருக்கிறது, போன தடவை எத்தனை ஓட்டில் போனது. இந்த மூன்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டுதான் போவீர்கள். அதில் வராத சிலது இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஈரோட்டிலிருந்து வந்து போனால் ஒன்றும் பிடிபடாது. ஒரு நாள் கரூர் போகும் பாசஞ்சரில் ஏறி இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். சாவடிப்பாளையம், பாசூர், ஊஞ்சலூர், கொடுமுடி. மஞ்சள், கரும்பு, வாழை, நடுநடுவே தென்னை. ஆற்றுக்கு அந்தப்பக்கம் நாமக்கல் மாவட்டம். காவிரியை ஒட்டியே வருவது காலிங்கராயன் வாய்க்கால். 1271-இல் தொடங்கி 1283-இல் வெட்டி முடித்ததாகச் சொல்வார்கள். பவானியில் தொடங்கி, கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையார்பாறையில் முடிகிறது.

மேற்கே போனால் வேறு ஊர். அவல்பூந்துறை, அறச்சலூர், எழுமாத்தூர், சிவகிரி. இங்கே கீழ்பவானி வாய்க்கால், பவானிசாகர் அணைத் தண்ணீர். ஒரு போகம் நன்செய், மறு போகம் புன்செய் என்று ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகுக் கணக்கில் முறை வைத்து விடுவார்கள். அதுவும் எட்டாத இடம் மேட்டாங்காடு. எள்ளும் நிலக்கடலையும், மழை வந்தால் உண்டு. சிவகிரி விற்பனைக்கூடத்தில் எள் ஏலம், அவல்பூந்துறையில் தேங்காய்ப் பருப்பு ஏலம்.

இந்த இரண்டு வாய்க்காலையும் ஒரே மூச்சில் "விவசாயிகளின் தண்ணீர்ப் பிரச்சனை" என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். காலிங்கராயன்காரர்கள் பழைய ஆயக்கட்டு, அதாவது அணைக்கு முன்பிருந்தே பாசனம் பெறுகிறவர்கள். கீழ்பவானிக்காரர்கள் அணை வந்த பிறகு வந்தவர்கள். ஒரே பவானி ஆற்றுத் தண்ணீருக்கு இருவரும் கணக்குச் சொல்வார்கள், இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. கீழ்பவானிக்குள்ளேயே சண்டை. ஏறத்தாழ 710 கோடி ரூபாயில் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் என்று பாதிப் பேர் கைதட்டினார்கள். கசிவுநீர் நின்றுபோனால் கிணறு வறண்டுவிடும் என்று மீதிப் பேர் சாலையில் உட்கார்ந்தார்கள். என் சொந்தத்திலேயே அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். விசேஷத்தில் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். அங்கே போய் நின்று "இருதரப்பையும் கலந்து பேசி நல்ல முடிவு எடுப்போம்" என்றீர்களானால், இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். அந்த அளவுக்கு ஒற்றுமை வந்தால் சரிதான்.

அப்புறம் காலிங்கராயன் பக்கத்தில் கேள்வியே வேறு. தண்ணீர் வருகிறதா என்று கேட்க மாட்டார்கள், என்ன நிறத்தில் வருகிறது என்று கேட்பார்கள். தோல், சாயக் கழிவு கலக்காமல் இருக்கத்தான் பக்கத்திலேயே 'பேபி கால்வாய்' என்று ஒன்று கட்டினார்கள். அது எப்படி இருக்கிறது என்று நீங்களே போய் மூக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஓட்டுக் கதைக்கு வருகிறேன்.

மொடக்குறிச்சி என்றதும் வெளியூர்க்காரர்கள் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "1,033 பேர் நின்ன ஊர்தானே?" ஆமாங்க, அதே ஊர்தான். 1996 சட்டமன்றத் தேர்தல். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அது ஒரு மதிப்பெண் கேள்வி. எங்களுக்கு அது பெரியப்பாவின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு ரசீது.

எங்கள் பெரியப்பா அந்த 1,033 பேரில் ஒருவர். கட்சிக்காரர் இல்லை. மூன்று ஏக்கர் மஞ்சள், ஒரு ஜோடி மாடு. விவசாயிகள் சொல்வதைக் கேட்க ஆளில்லை என்று ஊர் ஊராகப் பேசி, ஆளாளுக்கு வேட்புமனு போடுவது என்று முடிவெடுத்தபோது இவரும் போனார். அப்போது சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். சுயேச்சைக்கு முன்மொழிய ஒரு ஆள் போதும். முதல் நாள் ராத்திரி வெள்ளை வேட்டிக்குப் பெட்டி போட்டது, மஞ்சள் விற்ற பணத்தில் இரண்டு நூறையும் ஒரு ஐம்பதையும் எண்ணி மடியில் முடிந்துகொண்டது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. திரும்பி வந்து அந்த ரசீதைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பத்திரமாக வை என்றார். பெரியம்மா அதை நிலப் பட்டாவுக்குள் வைத்து மடித்தார்.

வாபஸ் வாங்கும் நாள் வந்தது. மிரட்டினால், கெஞ்சினால் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. போகவில்லை. தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனது. தமிழ்நாடே ஓட்டுப் போட்டு முடித்த பிறகுதான் எங்கள் முறை வந்தது.

எனக்கு அது முதல் ஓட்டு. சாவடியில் சீட்டுக்குப் பதில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். உண்மையிலேயே புத்தகம், தைத்துக் கட்டியது. இதில் இன்னொன்றும் உண்டு, வெளியூர்க்காரர்கள் யோசிக்காதது. இன்று பட்டியலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவான கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். அப்போது அப்படிப் பிரிக்கும் சட்டம் வரவில்லை. அகரவரிசைதான். ஆயிரம் பேருக்கு நடுவே உங்கள் ஆள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று புரட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு முன்னால் நின்ற அம்மாயி மறைப்புக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி "ஆச்சுங்களா ஆத்தா?" என்றதற்கு உள்ளிருந்து பதில்: "இருங் கண்ணு, எல்லாரும் நம்ம பசங்களாத்தான் இருக்கறானுக, பாத்துக்கறேன்."

தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார், ஏறத்தாழ 39,000 ஓட்டு வித்தியாசத்தில். அ.தி.மு.க.வின் ஆர்.என். கிட்டுசாமி இரண்டாவது. இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆயிரம் பேர் நின்றும் ஜனங்கள் குழம்பவில்லை. புத்தகத்தைப் புரட்டி, வேண்டிய ஆளைத் தேடிப் பிடித்துக் குத்திவிட்டுத்தான் வந்தார்கள். 158 பேருக்குத் தலா ஒரே ஓட்டு. 88 பேருக்கு அதுவும் இல்லை, சுத்த முட்டை.

பெரியப்பா அந்த 88-இல் ஒருவர். தன் ஓட்டையே தனக்குப் போடவில்லை. யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொன்னதில்லை. "எனக்கு நானே போட்டா ஓட்டு வீணாப் போயிருமல்லோ" என்பார். பிறகெதற்கு நின்றீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "நானென்ன ஓட்டுக் கேக்கவா நின்னேன்? அவீங்களுக்குக் காது கேக்குதான்னு பாக்கத்தான் நின்னேன்."

காது கேட்டது. அதே வருடம் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்ற டெபாசிட் 250-லிருந்து 5,000 ஆனது, பிறகு 10,000. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றானது. சுயேச்சைகளைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளியதும் அப்போதுதான். எங்களால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். அதே 1996 மக்களவைத் தேர்தலில் ஆந்திராவில் நல்கொண்டாவில் 480 பேர், கர்நாடகத்தில் பெல்காமில் 456 பேர் நின்றார்கள். நல்கொண்டாக்காரர்களுக்குக் குடிக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு என்பதுதான் குறை. ஆயிரம் பேருக்குப் புத்தகம் அச்சடித்து எண்ணி முடிப்பது எந்த ஆணையத்துக்கும் தலைவலிதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் குறைக்குப் பதில் வரும் முன்னாலேயே வாசலுக்குப் பூட்டு வந்துவிட்டது என்பதுதான் எங்கள் பக்கத்தில் சொல்வது.

2019 மக்களவைத் தேர்தலில் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றபோது எங்கள் பக்கத்தில் எல்லோரும் அந்தச் செய்தியைக் கண் இமைக்காமல் பார்த்தார்கள். காரணம், அவர்களும் மஞ்சள்காரர்கள். 170-க்கும் மேற்பட்டவர்கள் விவசாயிகள். மக்களவைக்கு டெபாசிட் 25,000 ஆகியிருந்தும் நின்றார்கள். ஒரு சாவடிக்குப் பன்னிரண்டு வாக்குப்பதிவு இயந்திரங்களை வரிசையாக வைக்க வேண்டிவந்தது. அப்போதைய முதலமைச்சரின் மகளான எம்.பி. தோற்றார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கியது, தலைமையிடம் நிஜாமாபாத். அவர்களுக்கு வாரியம் கிடைத்தது, எங்களுக்கு டெபாசிட் உயர்வு கிடைத்தது. 'மஞ்சள் மாநகரம்' என்று ஈரோட்டில் பலகை வைத்துக்கொண்டிருக்கிறோம். புவிசார் குறியீடு 2019-இலேயே வந்துவிட்டது. ஏலக் களத்தில் விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று கேட்கும்போது அந்தக் குறியீட்டை யாரும் கேட்பதில்லை. இதைப் பற்றி உங்களில் யாருக்காவது ஒரு பத்தியாவது எழுதத் தெரியுமா என்று பார்க்க ஆசை.

இனி நேர்காணலுக்கு உதவுகிற கணக்கு. எங்கள் தொகுதியைத் "நம்ம கோட்டை" என்று யாரும் சொல்லிக்கொள்ள வேண்டாம். 1996-இல் உதயசூரியன். 2001-இல் இரட்டை இலை. 2006-இல் கை. 2011, 2016 இரண்டிலும் இரட்டை இலை. இதில் 2011-இல் ஜெயித்தது, 1996-இல் தோற்ற அதே கிட்டுசாமி. 2016-இல் வித்தியாசம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். 2021-இல் தாமரை. ஆறு தேர்தல், நான்கு சின்னம்.

2021 கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பா.ஜ.க.வின் டாக்டர் சி. சரஸ்வதி 78,125. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் 77,844. வித்தியாசம் 281. கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு உட்காருகிற கூட்டம் அவ்வளவு இருக்கும். அந்த வருடம் பா.ஜ.க. தமிழ்நாட்டில் பிடித்த நான்கு இடங்களில் எங்களுடையது ஒன்று. எண்ணிக்கை நாளன்று டீக்கடையில் டி.வி.யை அணைக்கவே விடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம் கத்தும், அடுத்த சுற்றில் மறுபக்கம்.

சுப்புலட்சுமி ஜெகதீசன் என்ற ஒரே பெயரை எடுத்துக்கொண்டாலே எங்கள் ஜனங்களின் மனசு தெரியும். 1977-இல் இதே மொடக்குறிச்சியில் அவர் அ.தி.மு.க. எம்.எல்.ஏ. எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் கைத்தறித் துறை. பிறகு தி.மு.க.வுக்குப் போனார். 1996-இல் அந்தப் புத்தகத்துக்குள் தேடிப்பிடித்து அவரை ஜெயிக்க வைத்தோம். 2004-இல் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் நின்று எடப்பாடி பழனிசாமியைத் தோற்கடித்து மத்திய இணை அமைச்சர் ஆனார். அப்போது மக்களவைக்கு நாங்கள் ஆற்றுக்கு அக்கரைத் திருச்செங்கோட்டோடு சேர்த்தி. கடைசியில் 2021-இல் 281. இலையில் நின்றும் ஜெயித்தார், சூரியனில் நின்றும் ஜெயித்தார், தோற்கவும் தோற்றார். சின்னத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஊர் என்றால் இந்த வரிசை வந்திருக்காது. அதே நேரம் ஆளுக்காக மட்டும் போடுகிற ஊர் என்றாலும் வந்திருக்காது. எது எப்போது மேலே வரும் என்று எனக்கே தெரியாது, உங்கள் கட்சி வைத்திருக்கும் சர்வே ஆட்களுக்கும் தெரியாது.

இன்னொருவர் அ. கணேசமூர்த்தி. 1989-இல் தி.மு.க.வில் இங்கே எம்.எல்.ஏ., பிறகு ம.தி.மு.க. தொகுதி மறுசீரமைப்பில் ஈரோடு மக்களவைத் தொகுதி வந்ததும் 2009-இல் அதன் முதல் எம்.பி.; 2019-இல் மறுபடியும். 2024 மார்ச்சில் காலமானார். அந்த மக்களவைத் தொகுதியும் ஒரு விசித்திரம்தான். குமாரபாளையம் நாமக்கல் மாவட்டம், காங்கேயமும் தாராபுரமும் திருப்பூர் மாவட்டம். மூன்று மாவட்டத்துக்கு ஒரு எம்.பி. என்பதால் எங்கள் ஜனங்கள் எம்.பி.யிடம் எதுவும் பெரிதாக எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். எல்லாச் சுமையும் எம்.எல்.ஏ. தலையில்தான்.

நீங்கள் வரும் நாட்களும் எங்களுக்கு மனப்பாடம். ஆடி 18 அன்று ஓடாநிலையில் தீரன் சின்னமலைக்கு மாலை. வரிசையாகக் கார், பக்கத்து அறச்சலூரில் நிற்காமலே திரும்பிவிடும். அந்த அறச்சலூர் மலையில்தான் தமிழ்பிராமியில் இசைக் கல்வெட்டு இருக்கிறது, ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு வருடப் பழசு. அடுத்தது கொடுமுடிக் கோயில், உங்கள் ஜாதகத்துக்கு ஏதாவது பரிகாரம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் அதுதான். நாடக மேடையிலிருந்து சட்ட மேலவைக்குப் போன அம்மா. பரிகாரம் முடிந்து வெளியே வரும்போது அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வேட்புமனு போடுவதற்கு முன், அதாவது கும்பிடு போட ஆரம்பிப்பதற்கு முன், ஏல நாள் பார்த்து அவல்பூந்துறைக்கோ சிவகிரிக்கோ வாருங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். சாக்கு மேலே உட்கார இடம் இருக்கும். கீழ்பவானியில் கான்கிரீட் பற்றி உங்கள் நிலை என்ன என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். எங்களுக்குப் பிடிக்காத நிலையாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று இருந்தால் சரி. காலிங்கராயனில் கழிவு வரும் அன்று யாருக்குப் போன் செய்தால் எடுப்பார்கள் என்று சொல்லுங்கள். தேர்தலுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும் நம்பராகப் பார்த்துச் சொல்லுங்கள்.

கட்சித் தலைமைகளுக்குத் தனியாக ஒன்று. கூட்டணிப் பேச்சில் எங்கள் தொகுதியைச் சில்லறை போல மாற்றிக்கொள்கிறீர்கள். இவருக்கு அது, அவருக்கு மொடக்குறிச்சி. கடைசி நாள் ராத்திரிதான் யார் என்றே தெரிகிறது. வேட்பாளர் வந்து இறங்கி, எழுமாத்தூர் எந்தப் பக்கம் என்று டிரைவரிடம் கேட்கிறார். 281-இல் முடிவாகும் ஊரில் இதெல்லாம் யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அப்புறம் ஒரு நடைமுறைச் செய்தி. தோட்டத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளில், வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் பெங்களூரிலும். சில வருடங்களாக நடந்த கொலை, கொள்ளைகளுக்குப் பிறகு இருட்டினால் யாரும் கதவைத் திறப்பதில்லை. உங்கள் பையன்களைத் துண்டறிக்கையோடு மாலை ஆறு மணிக்கு மேல் அனுப்பாதீர்கள். நாய்கள் விடாது, அவர்களும் பயந்துபோவார்கள். காலையில் பால் கறக்கும் நேரத்துக்குப் போனால் பேசுவார்கள். இந்தப் பயத்தைப் பற்றி என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் கேட்பார்கள், தயாராகப் போங்கள்.

பெரியப்பா வீட்டுக்கும் போங்கள். எண்பதைத் தாண்டிவிட்டார், மாடு இல்லை, மஞ்சள் போடுவதை நிறுத்தித் தென்னை வைத்துவிட்டார். அந்த 250 ரூபாய் ரசீதைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார், மடித்த இடத்தில் கிழிந்திருக்கும், பார்த்துப் பிரியுங்கள். கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டும். அவருக்கு இப்போது ஒரு காது கேட்காது.

இப்படிக்கு,
மொடக்குறிச்சி வாக்காளர் ஒருவன்